கண்ணுக்குத் தெரியாத தசைக்கு ஒரு திரை

பக்கவாதத்துக்குப் பிறகு வீடு திரும்புகிறவர் கையில் மருந்துப் பையோடு ஒரு தாளும் வரும். நாக்கை வெளியே நீட்டி ஐந்து வினாடி வையுங்கள். நுனியை இடது கடைவாய்க்குக் கொண்டுபோங்கள், பிறகு வலது கடைவாய்க்கு. மேலண்ணத்தில் ஒட்டவைத்து அழுத்துங்கள். பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. தாள் மலாயில் இருக்கலாம், ஆங்கிலத்தில் இருக்கலாம். அதில் எழுதியிருப்பது பெரும்பாலும் இதுதான். முதல் வாரம் அது குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும். ஒரு மாதத்தில் அதன்மேல் மின்கட்டண ரசீது ஏறிவிடும்.

இதைச் சோம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. விழுந்துபோன கையைத் தூக்கப் பழகுகிறவருக்கு, நேற்று மார்புவரை வந்த கை இன்று தோள்வரை வந்தது கண்ணுக்குத் தெரிகிறது. வீட்டார் பார்க்கிறார்கள், பேரன் கைதட்டுகிறான். நாக்கு வாய்க்குள் கிடக்கிறது. நேற்றைவிட இன்று எவ்வளவு பலமாக அண்ணத்தை அழுத்தியது என்று அதற்குச் சொந்தக்காரருக்கே தெரியாது. போதாததற்கு, நம் வீடுகளில் நாக்கைத் துருத்துவது மரியாதைக் குறைவு. எழுபது வயதுத் தாத்தா பேரப்பிள்ளைகள் முன்னால் நாக்கை நீட்டி மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூசுவார். பலன் தெரியாத, கூச்சம் தரும் ஒரு வேலையை நாளுக்கு முப்பது முறை செய்யச் சொல்கிறோம்.

உலகின் பெரிய புற்றுநோய் மையங்களிலும் இதே கதைதான். அமெரிக்காவின் எம். டி. ஆண்டர்சன் மையத்தில், தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்ற 109 பேரைப் பற்றிய ஆய்வு 2013-இல் வெளியானது. விழுங்கும் திறனைக் காப்பதற்கான பயிற்சிகளைச் சொன்னபடி முழுமையாகச் செய்தவர்கள் 13 விழுக்காட்டினர். ஓரளவு செய்தவர்கள் 32 விழுக்காட்டினர். மீதிப் பாதிக்கு மேற்பட்டோர் அந்த இரண்டு கணக்கிலும் வரவில்லை. விழுங்க முடியாமல் போகும் என்ற எச்சரிக்கையும் நல்ல மருத்துவமும் இருந்தும் நிலைமை இது. ஆக, சிக்கல் பயிற்சியில் மட்டும் இல்லை. அதை வாரக்கணக்கில் விடாமல் செய்யவைப்பதில் இருக்கிறது. கணினி விளையாட்டு இந்த இடத்தில்தான் மருத்துவத்துக்குள் நுழைகிறது.

இந்த அத்தியாயத்துக்கு மலேசியாவின் ஸ்ரீ கெம்பாங்கானை மனத்தில் வைத்துக்கொண்டேன். மலாயா அவசரகாலத்தில் உருவான செர்டாங் பாரு என்ற புதுக்கிராமம் பின்னாளில் இந்த நகரமாக வளர்ந்தது. இன்று அதைச் சுற்றி அடுக்குமாடிகள் நிற்கின்றன, புத்ராஜெயா எம்ஆர்டி தடம் ஓடுகிறது. பக்கத்திலேயே செர்டாங் சுல்தான் இட்ரிஸ் ஷா மருத்துவமனை. மலேசிய புத்ரா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் புலமும் கணினி அறிவியல் புலமும் ஒரே வளாகத்துக்குள் இருக்கின்றன, அதற்கென்று ஒரு போதனா மருத்துவமனையும் இருக்கிறது. நாக்குப் பயிற்சி தேவைப்படும் மனிதர்கள், அதைக் கற்பிக்கும் சிகிச்சையாளர்கள், விளையாட்டு எழுதத் தெரிந்த இளைஞர்கள் ஆகிய மூன்று தரப்பும் ஒரு பேருந்துப் பயணத் தூரத்துக்குள் இருக்கும் ஊர் இது.

யாருக்கெல்லாம் இந்தப் பயிற்சி தேவை? பக்கவாதக்காரர்களைச் சொல்லிவிட்டோம். மூக்கின் பின்புறத் தொண்டையில் வரும் புற்றுநோய் மலேசியச் சீனர்களிடையே, குறிப்பாகத் தென்சீன வம்சாவளியினரிடையே, மற்றவர்களைவிட அதிகம். அதற்கான முக்கியச் சிகிச்சை கதிர்வீச்சு. நோய் குணமான பல ஆண்டுகளுக்குப் பிறகும், நாக்கை இயக்கும் நரம்பு கதிர்வீச்சின் பின்விளைவால் மெல்லச் செயலிழக்கலாம். நம்மவர் பக்கம் வந்தால், மலேசியாவில் வாய்ப்புற்றுநோய் அதிகம் தாக்குவது இந்தியர்களை, அதிலும் பெண்களை. தோட்டப்புறத்தில் தொடங்கிய வெற்றிலை பாக்குப் பழக்கத்துக்கு இதில் பெரும் பங்கு உண்டு. புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்தியது. அறுவைச் சிகிச்சையில் நாக்கின் ஒரு பகுதியை இழந்தவர் மிஞ்சிய பகுதியை வைத்துக்கொண்டு விழுங்கவும் பேசவும் புதிதாகக் கற்க வேண்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளும் இந்த வரிசையில் வருவார்கள். அவர்களுடைய வாயறை சிறியது, தசை இறுக்கம் குறைவு, அதனால் நாக்கு வெளியே தள்ளி நிற்கும். கடைசியாகக் குறட்டைக்காரர்கள். 2023 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடற்பருமனோ உள்ளவர்கள். கழுத்தில் கொழுப்பு சேரச் சேர, தூக்கத்தில் நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிந்து மூச்சுப்பாதையை அடைக்கும் வாய்ப்பு கூடுகிறது.

இவ்வளவு வேறுபட்ட நோய்களும் ஒரே உறுப்பில் வந்து சேர்வதற்குக் காரணம் அந்த உறுப்பின் அமைப்பு. கையில் தசை எலும்பை இழுக்கிறது. நாக்குக்குள் எலும்பே கிடையாது. எட்டு வகைத் தசைகள் சேர்ந்தது அது. அவற்றில் நான்கு வெளியே எலும்பிலோ அண்ணத்திலோ பற்றிக்கொண்டு நாக்கை நீட்டவும் இழுக்கவும் செய்கின்றன. மற்ற நான்கும் முழுக்க நாக்குக்குள்ளேயே நீளவாக்கிலும் குறுக்காகவும் மேல்கீழாகவும் பின்னிக் கிடந்து அதன் வடிவத்தை மாற்றுகின்றன. நீர் நிரப்பிய பலூனை நடுவில் பிடித்து அழுத்தினால் அது இரு பக்கமும் நீள்வதைப் பார்த்திருப்பீர்கள். நாக்கும் அப்படித்தான்: கன அளவு மாறாது, ஓரிடத்தில் ஒடுங்கினால் இன்னோரிடத்தில் பிதுங்கும். வில்லியம் கியர், கேத்லீன் ஸ்மித் என்ற இரு உயிரியலாளர்கள் 1985-இல் நாக்கையும் யானைத் துதிக்கையையும் எண்காலியின் கைகளையும் இந்த ஒரே தத்துவத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். பக்கவாதத்தில் இந்தப் பின்னலின் ஒரு பக்கம் தளர்ந்தால் நீட்டும் நாக்கு ஒரு புறமாகக் கோணிக்கொண்டு போகும். கோணல் வெளியே தெரிகிற அடையாளம்தான். உள்ளே நடப்பது அதைவிட மோசம்.

ஒரு வாய் கஞ்சி உள்ளே போவதைப் படிப்படியாகப் பாருங்கள். நாக்கின் நுனி மேல்பற்களுக்குப் பின்னால் அண்ணத்தில் ஊன்றுகிறது. ஓரங்கள் பக்கவாட்டில் அடைத்துக்கொள்கின்றன. பிறகு முன்னிருந்து பின்னாக அலைபோல அண்ணத்தை அழுத்திக்கொண்டே போய்க் கஞ்சியைத் தொண்டைக்குள் தள்ளுகிறது. அதே நேரத்தில் குரல்வளை மேலெழும்பி மூச்சுக்குழாயின் வாயை மூடுகிறது. ஒரு விழுங்கலுக்குச் சுமார் 30 தசைகள் ஒரு வினாடிக்குள் முறை தவறாமல் வேலை செய்ய வேண்டும். நாக்கின் தள்ளல் பலவீனமானால் உணவு தொண்டையில் தங்கும், நேரம் தவறிச் சரியும், மூச்சுக்குழாய்க்குள் போகும். ஆரோக்கியமானவருக்குப் புரையேறினால் இருமித் தள்ளிவிடுவார். பக்கவாதக்காரர் பலருக்கு அந்த இருமல்கூட வராது. சத்தமில்லாமல் நுரையீரலுக்குப் போன உணவு சில நாளில் நிமோனியாவாகத் திரும்பி வரும். ரோஸ்மேரி மார்ட்டினோ குழுவினர் 2005-இல் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கருவி கொண்டு சோதித்த ஆய்வுகளில், பக்கவாத நோயாளிகளில் 64 முதல் 78 விழுக்காடுவரை விழுங்குவதில் கோளாறு இருந்தது. கோளாறு உள்ளவருக்கு நிமோனியா வரும் அபாயம் மற்றவரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. உணவு மூச்சுக்குழாய்க்குள் போவது உறுதிப்பட்டவருக்கு அது பதினொரு மடங்குக்கும் மேல்.

அப்படியானால் நாக்கைப் பலப்படுத்த முடியுமா? முடியும் என்று காட்டியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜோஆன் ராபின்ஸ். நாக்கும் தசைதானே, கைகால் தசைகளுக்கு உள்ள விதி இதற்கும் பொருந்த வேண்டும் என்று அவர் குழு எண்ணியது. 70 முதல் 89 வயதுவரையிலான ஆரோக்கியமான பத்துப் பேர் 8 வாரம் நாக்கால் அண்ணத்தை அழுத்தும் பயிற்சி செய்தார்கள். பத்துப் பேருக்கும் அழுத்தும் வலிமை கூடியது. அவர்களில் நால்வரின் நாக்கை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தபோது, அதன் கன அளவு சராசரியாக 5.1 விழுக்காடு பெருத்திருந்தது. எண்பது வயதிலும் நாக்கில் சதை போடும்! 2005-இல் வந்த அந்த முடிவுக்கு இரண்டு ஆண்டு கழித்து, பக்கவாதம் வந்த பத்துப் பேரிடம் அதே முறையைச் செய்துபார்த்தார்கள். வலிமை கூடியதோடு, விழுங்கும்போது மூச்சுப்பாதையின் பாதுகாப்பும் மேம்பட்டது. சிறிய ஆய்வுகள்தான், ஆனாலும் வழி திறந்துவிட்டது.

ராபின்ஸ் வகுத்த பயிற்சியின் அளவைக் கவனிக்க வேண்டும். ஒருவரால் அதிகபட்சம் எவ்வளவு அழுத்த முடியும் என்று முதலில் அளக்கிறார்கள். முதல் வாரம் அதில் 60 விழுக்காடு அழுத்தினால் போதும், அதன்பின் 80 விழுக்காடு. வலிமை கூடக் கூட இலக்கையும் உயர்த்திக்கொண்டே போகிறார்கள். தாளில் அச்சடித்துக் கொடுத்த பயிற்சியால் இதைச் செய்ய முடியாது. ‘அண்ணத்தில் அழுத்துங்கள்’ என்று தாள் சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது, அழுத்தியது போதுமா என்றும் சொல்லாது.

அளந்து சொல்ல ஒரு கருவி வேண்டும். 1990-களில் அயோவா பல்கலைக்கழகத்திலிருந்து அப்படியொரு கருவி வந்தது. விரல்நுனி அளவுள்ள காற்றுக்குமிழை நாக்குக்கும் அண்ணத்துக்கும் இடையில் வைத்து அழுத்தினால், எத்தனை கிலோபாஸ்கல் என்று கையடக்கப் பெட்டி காட்டும். ஆரோக்கியமான பெரியவர் ஏறத்தாழ 60 கிலோபாஸ்கல் அழுத்துவார். ஜப்பானிய முதியோர் பல்மருத்துவச் சங்கம் 2016-இல் வகுத்த அளவுகோலின்படி நாக்கின் அழுத்தம் 30 கிலோபாஸ்கலுக்குக் கீழே போவது வாயின் செயல்திறன் குறைகிறது என்பதன் அடையாளங்களில் ஒன்று. அயோவா பெட்டியில் ஒரு வரிசை விளக்குகள் உண்டு. அழுத்த அழுத்த விளக்குகள் கீழிருந்து மேலே ஏறும், இலக்கைத் தொட்டால் உச்சியில் பச்சை விளக்கு எரியும். இதை வடிவமைத்தவர்கள் விளையாட்டு என்று நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் பச்சை விளக்கு எரியும்வரை விடமாட்டேன் என்று ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தும்போது அது விளையாட்டாகிவிட்டது. அந்த விளக்கு வரிசையின் இடத்தில் திரையைக் கொண்டுவந்து, ஏறும் விளக்குக்குப் பதிலாக ஒரு பட்டத்தையோ படகையோ வைத்தால் நாக்குப் பயிற்சி விளையாட்டின் அடிப்படை கிடைத்துவிடுகிறது. தைவானில் 2016-இல் வெளியான ஓர் ஆய்வு பக்கவாதக்காரர்களின் விழுங்கும் பயிற்சியையே இப்படித் திரை விளையாட்டோடு இணைத்தது. வழக்கமான பயிற்சி பெற்றவர்களைவிட இவர்களுக்கு விழுங்கும்போது கழுத்திலுள்ள நாவடி எலும்பு கூடுதலாக நகர்ந்தது. அந்த நகர்வு நன்றாக இருந்தால் மூச்சுக்குழாய் நன்றாக மூடும்.

குமிழ் வாய்க்குள் போகப் பிடிக்காத குழந்தைக்கு என்ன செய்வது? டோக்கியோவின் மின்தொடர்பியல் பல்கலைக்கழகத்தில் தகுயா நொஜிமாவின் குழு 2013-இல் டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்கென ஒரு நாக்குப் பயிற்சி அமைப்பை அறிமுகப்படுத்தியது. எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டியோடு வந்த கினெக்ட் கேமராவைத்தான் அவர்கள் பயன்படுத்தினார்கள். அந்தக் கேமரா தூரத்தையும் அளக்கும் என்பதால், முகத்தைவிட்டு வெளியே வரும் நாக்கு எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியும். குழந்தையின் உடலில் எதையும் ஒட்டத் தேவையில்லை. நாக்கை நீட்டினால், திருப்பினால், திரையில் ஏதோ நடக்கும். நாக்கை உள்ளே போடு என்று நாளெல்லாம் கேட்டுப் பழகிய குழந்தைக்கு நாக்கை அசைத்தால் பாராட்டு கிடைக்கும் இடம் ஒன்று கிடைக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இதுதான்.

ஆனால் 2017-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் கினெக்ட் உற்பத்தியை நிறுத்தியது. விற்பனைக் காரணத்துக்காகக் கடையிலிருந்து ஒரு பொருள் மறையும்போது அதை நம்பிக் கட்டிய சிகிச்சையும் அந்தரத்தில் நிற்கிறது. விளையாட்டுத் துறையிலிருந்து மருத்துவம் கடன் வாங்கும்போதெல்லாம் இந்த ஆபத்து உண்டு. இன்று அந்த வேலையைக் கைப்பேசியே ஓரளவு செய்கிறது. ஆப்பிள் நிறுவனம் 2018-இல் தன் முகமறியும் மென்பொருளில் நாக்கு வெளியே நீண்டிருக்கிறதா என்று கண்டறியும் வசதியைச் சேர்த்தது. அது வேடிக்கை முகப்படங்களுக்காகச் செய்தது என்றாலும் பயிற்சிக்கும் உதவும். கைப்பேசிக் கேமராவின் எல்லையை மறந்துவிடக் கூடாது: உதட்டைத் தாண்டி வந்த நாக்கைத்தான் அது பார்க்கும். விழுங்குவதற்குத் தேவையான அழுத்தமோ மூடிய வாய்க்குள் நடக்கிறது.

உள்ளே நடப்பதை அறிய அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் மைசம் கோவன்லூவின் குழு காந்தத்தைத் தேர்ந்தெடுத்தது. நாக்கில் ஒரு சிறு காந்தம், தலையில் மாட்டிய உணரிகள். நாக்கு எந்தத் திசையில் போகிறது என்பதைக் காந்தப்புலத்தின் மாற்றம் சொல்லிவிடும். கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர்கள் நாக்காலேயே சக்கர நாற்காலியை ஓட்டவும் கணினியை இயக்கவும் செய்யப்பட்ட கருவி இது. 2013-இல் அதன் பரிசோதனை முடிவுகள் வெளியாயின. டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஸ்வென்சன் குழுவினர் கோவன்லூவோடு சேர்ந்து இதே கருவியை நாக்குக்கான பயிற்சிக்கும் பயன்படுத்திப் பார்த்தார்கள். ஸ்வென்சன் அதற்கு முன்பே, 2003-இல், ஒரு முக்கியமான செய்தியைக் கண்டுபிடித்திருந்தார். திரையில் தெரியும் இலக்குக்கு ஏற்ப நாக்கால் அழுத்தும் பயிற்சியை ஒரு வாரம் செய்தவர்களின் மூளையைக் காந்தத் துடிப்பால் தூண்டிச் சோதித்தபோது, நாக்கை இயக்கும் மூளைப்பகுதியின் பதில்வினை அளக்கக்கூடிய அளவுக்கு மாறியிருந்தது. தசை பெருக்க எட்டு வாரம் ஆகலாம். மூளை ஒரு வாரத்திலேயே கற்கத் தொடங்குகிறது.

குறட்டையின் கதை வேறு. அங்கே கருவியே தேவையில்லை, ஒலி போதும். பிரேசிலின் சாவ் பாவ்லோவில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், தூக்கத்தில் மிதமான மூச்சடைப்பு உள்ள 31 பேர் பங்கேற்றார்கள். மூன்று மாதம் நாக்குக்கும் மென்னண்ணத்துக்கும் பயிற்சி செய்தவர்களுக்கு, ஒரு மணி நேரத்தில் மூச்சு தடைபடும் எண்ணிக்கை சராசரியாக 22.4-லிருந்து 13.7-ஆக இறங்கியது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், சுவிட்சர்லாந்தில் 25 பேரைக் கொண்டு நடந்த ஆய்வில், ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் டிட்ஜெரிடூ குழலை நான்கு மாதம் ஊதியவர்களுக்குப் பகல்தூக்கமும் மூச்சடைப்பும் குறைந்தன. ஊதும்போது மேல் மூச்சுப்பாதைத் தசைகள் பலப்படுவது காரணமாக இருக்கலாம். 2012-இல் வந்த இன்னோர் ஆய்வு, இரட்டை நாணல் சீவாளி வைத்த கருவிகளை வாசிப்பவர்களுக்கு இந்நோயின் அபாயம் குறைவு என்றது. நாதஸ்வரம் இரட்டைச் சீவாளிக் கருவிதான். நம் கோயில்களில் மணிக்கணக்கில் ஊதும் கலைஞர்களின் தூக்கத்தை யாராவது ஆராய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு குழு இதையெல்லாம் கைப்பேசிக்குள் கொண்டுவந்தது. சில உயிரெழுத்து ஒலிகளைச் சொன்னால் திரையில் விளையாட்டு நகரும்; நாளுக்குப் பதினைந்து நிமிடம் விளையாடினால் நாக்கும் தொண்டையும் பயிற்சி பெறும். 2019-இல் வெளியான அதன் பரிசோதனையில் குறட்டை குறைந்தது.

இதுவரை சொன்னவை நம்பிக்கை தருபவை. இனிச் சொல்வது பெற்றோர்களுக்கு, குறிப்பாகக் கவனத்தோடு படிக்க வேண்டியது.

தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கும் பிள்ளை ‘பள்ளி’யைப் ‘பல்லி’ என்கிறது, ழகரம் வரவில்லை. நாக்குப் பலமில்லை, நாக்கை நீட்டி மடக்கும் விளையாட்டு கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பது இயல்பு. இந்த நினைப்புக்கு ஆதாரம் இல்லை. அமெரிக்காவில் 2008-இல் வெளியான ஒரு கருத்தாய்வில், பேச்சுச் சிகிச்சையாளர்களில் 85 விழுக்காட்டினர் பேச்சொலி இல்லாத வாய்ப் பயிற்சிகளைக் குழந்தைகளின் உச்சரிப்பைத் திருத்தப் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். 2015-இல் காக்ரேன் அமைப்பு உலக ஆய்வுகளைச் சலித்துப் பார்த்தபோது தேறியவை மூன்றே மூன்று சிறிய ஆய்வுகள். அவற்றிலும் இப்பயிற்சிகள் பலன் தருகின்றன என்பதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை.

காரணத்தை யோசித்தால் புரியும். பேசுவதற்கு நாக்கின் முழுப் பலத்தில் சிறு பகுதியே போதும். வேண்டியது பலத்தைவிட மிக நுணுக்கமான இடமும் நேரமும். தமிழ் இதில் கறாரான மொழி. தகரத்துக்கு நாக்கு பல்லைத் தொடுகிறது, றகர னகரங்களுக்குப் பல்லுக்குச் சற்று மேலே, டகர ணகர ளகரங்களுக்கு நுனி வளைந்து அண்ணத்துக்கு. ழகரத்துக்கு அண்ணத்தை நெருங்கி வருட மட்டும் வேண்டும், அடைக்கக் கூடாது. தொல்காப்பியத்தின் பிறப்பியல் ஓர் இயல் முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறது. இந்த இடங்களில் ஒன்றையும் வெளியே நீட்டிய நாக்கு கற்றுக்கொள்ளாது. உதட்டைப் பார்க்கும் கேமராவும் காட்டித்தராது. ழகரம் வராத பிள்ளைக்கு ழகரத்தைக் கேட்டு, சொல்லி, சொன்னது சரியா என்று உடனே அறியும் விளையாட்டுதான் உதவும். தாடைக்கடியில் மீஒலிக் கருவியை வைத்து நாக்கின் வளைவைத் திரையில் காட்டும் முறையும், அண்ணத்தில் மெல்லிய தகடு பொருத்தி நாக்கு படும் இடங்களைக் காட்டும் முறையும் பிரிட்டனில் பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ளன. விழுங்குவதற்கான விளையாட்டு விழுங்குவதற்கு, பேசுவதற்கான விளையாட்டு பேசுவதற்கு. இரண்டையும் குழப்பி விற்கும் செயலிகளை நம்பிப் பிள்ளையின் மாதங்களை வீணாக்க வேண்டாம்.

பெரியவர்களுக்கான விளையாட்டில் என் கவலை வேறிடத்தில். விளையாட்டு என்றதும் வடிவமைப்பாளர் மனத்தில் பதினைந்து வயதுப் பையன் வந்து நிற்கிறான். மின்னும் திரை, ஓடும் கடிகாரம், தோற்றால் அலறல். பக்கவாதம் வந்த பாட்டிக்கு ஒரு பக்கப் பார்வையே மறைந்திருக்கலாம், திரையின் இடப்பாதி அவருக்குத் தெரியாமலே போகும். எழுத்து பெரிதாக வேண்டும், வேகம் அவர் கையில் இருக்க வேண்டும். முக்கியமாக, குரல் அவர் மொழியில் பேச வேண்டும். தோட்டத்தில் வளர்ந்து மகன் வீட்டோடு ஸ்ரீ கெம்பாங்கான் அடுக்குமாடிக்கு வந்தவரிடம் ‘நாக்க மேல வச்சி நல்லா அழுத்துங்கம்மா’ என்று சொன்னால் அழுத்துவார். புத்தகத் தமிழில் கட்டளையிட்டால் மகனை நிமிர்ந்து பார்ப்பார். கான்டனீஸ் பேசும் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் இதே நியாயம்தான்.

விளையாட்டு சோர்வையும் கணக்கில் எடுக்க வேண்டும். களைத்த நாக்கோடு உடனே சாப்பிட உட்கார்ந்தால் புரையேறும் அபாயம் கூடும். ஆகவே உணவு நேரத்துக்குச் சற்று முன்னால் பயிற்சி வேண்டாம் என்று விளையாட்டே சொல்ல வேண்டும். பயிற்சி நின்றால் ஈட்டிய வலிமை சில வாரங்களிலேயே குறையத் தொடங்கும் என்பதால், இலக்கை அடைந்தவருக்கும் வாரத்தில் சில நாள் தொடரும் எளிய ஆட்டம் ஒன்று இருக்க வேண்டும். எத்தனை முறை அழுத்தினார், எவ்வளவு அழுத்தினார், எந்த நாள் விட்டுப்போனது என்ற பதிவு சிகிச்சையாளரின் மேசைக்குப் போய்ச் சேர வேண்டும். மதிப்பெண்ணைவிட இந்தப் பதிவுதான் மருத்துவ மதிப்புள்ளது. ஒருவருக்கு நாக்கின் பலவீனம்தான் சிக்கலா, தொண்டையின் உணர்விழப்பா, நேரம் தவறுவதா என்று கண்டுபிடிக்கச் சிகிச்சையாளரின் பரிசோதனையும் தேவைப்பட்டால் எக்ஸ்ரே காணொளியும் வேண்டும். அதை எந்த விளையாட்டும் செய்யாது.

மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் 1995-இல் பேச்சு அறிவியல் பட்டப்படிப்பைத் தொடங்கிய பிறகுதான் இந்நாட்டில் சொந்தமாகப் பயின்ற பேச்சுச் சிகிச்சையாளர்கள் வெளிவரலானார்கள். 2016-இன் துணை மருத்துவத் தொழில்கள் சட்டம் இத்தொழிலைப் பதிவுக்குள் கொண்டுவந்தது. ஆனாலும் ஒரு சிகிச்சையாளரை ஒருவர் மாதத்தில் ஓரிரு முறை சந்திக்க முடிந்தாலே பெரிது. இரண்டு சந்திப்புகளுக்கு நடுவிலுள்ள வாரங்களில்தான் நாக்கு பலம் பெறுகிறது, அல்லது இழக்கிறது.

உங்கள் வீட்டில் பக்கவாதமோ கதிர்வீச்சோ முடிந்து திரும்பியவர் இருந்தால், அடுத்த சந்திப்பில் சிகிச்சையாளரிடம் இந்த மூன்றையும் கேளுங்கள்: இவருக்கு நாக்கில் வலிமை குறைவா, இப்போது எத்தனை கிலோபாஸ்கல், வீட்டில் அளந்து செய்ய என்ன வழி. சாப்பிடும்போது குரல் ஈரமாகக் கரகரத்தாலோ, தண்ணீர் குடித்ததும் இருமல் வந்தாலோ, காரணமில்லாமல் காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தாலோ எந்தச் செயலியையும் தேடாமல் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

நீங்கள் செர்டாங்கிலோ சைபர்ஜெயாவிலோ கணினி படிக்கும் மாணவராக இருந்தால், இறுதியாண்டுத் திட்டத்துக்கு இதை எடுங்கள். ஓர் அழுத்த உணரி, சிறு கட்டுப்பாட்டு அட்டை, சுத்தம் செய்யக்கூடிய குமிழ், ஒரு பழைய கைப்பேசி, வன்பொருள் அவ்வளவுதான். விளையாட்டை எழுதும் முன் ஒரு பேச்சுச் சிகிச்சையாளரைத் தேடிப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நோயாளிகள் எங்கே கைவிடுகிறார்கள் என்று பாருங்கள். பிறகு உங்கள் பாட்டி பேசும் தமிழில் குரலைப் பதிவு செய்யுங்கள்.